நங்கூர எழுத்தும் பாலக்காரி ஃபென்னாவும்

"என் எழுத்துல அடிச்சுக் கையில குடுங்க. அதைத் திக்காமப் படிக்க முடியாத மனுஷன் ஒருத்தனை இந்த உலகத்துல காட்டுங்க. காட்டிட்டா, பென்சிலை உடைச்சுப் போட்டுட்டு அத்தான்கிட்ட கண்ணாடி தூக்கற வேலைக்குப் போயிடறேன்."

இவ்வாறு அறிவித்தவர் கெர்பென் நௌத்தா. வயது நாற்பத்தாறு. அறிவித்த இடம், அவருடைய அக்கா ஃபென்னாவின் ஐம்பத்திரண்டாம் பிறந்தநாள். நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. வந்தவர்கள் பிறந்தநாள்காரியை மட்டுமல்லாமல் அவர் கணவரை, மகளை, பக்கத்து வீட்டுக்காரரை, ஒருவரையொருவர் எல்லோரையும் கைகுலுக்கி வாழ்த்தி முடித்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு துண்டு கேக் கொடுக்கப்பட்டு டப்பா மூடப்பட்டிருந்தது. இரண்டாவது துண்டுக்கு வழியில்லாதபோது மனிதனுக்குச் சூளுரைக்கத் தோன்றுவது இயல்புதான்.

அத்தான் ஹார்மென் பசுமைக்குடில்களுக்குக் கண்ணாடி மாட்டுகிறவர். அவர் காப்பியை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "கண்ணாடி தூக்க முதுகு வேணும் மாப்ள. வாய் போதாது."

ஹேக் நகரில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை எறிந்தால் அது ஒன்று தூதரகத்து ஆள்மேல் விழும், இல்லையென்றால் எழுத்துரு வரைகிறவர்மேல் விழும். தூதரகத்து ஆள் வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதுவார். எழுத்துரு வரைகிறவர் கல்லை எடுத்துப் பார்த்துவிட்டு, இடப்பக்க வளைவு கொஞ்சம் தொய்ந்திருக்கிறது என்பார். கெர்பென் இரண்டாம் வகை. கலைக்கல்லூரியில் படித்தவர். வீட்டு மாடியில், சாய்வுப் பலகைக்கு முன்னால், பதினோரு ஆண்டுகளாக ஒரே எழுத்துருவை வரைந்துகொண்டிருந்தவர். அதன் பெயர் நங்கூரம்.

நங்கூரத்தின் தத்துவம் எளியது. வாசிக்கத் திணறுகிறவர்களின் கண்ணில் எழுத்துகள் நிலையாக நிற்பதில்லை. மிதக்கின்றன, புரள்கின்றன, பி என்பது டி என்று திரும்பிக்கொள்கிறது. மிதக்கிற பொருளை நிறுத்த என்ன செய்வோம்? கனத்தைக் கட்டுவோம். ஆகவே கெர்பென் ஒவ்வொரு எழுத்துக்கும் அடிப்பாகத்தைத் தடிக்கச் செய்தார். கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கும் நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் ஒரு இனம், எந்தச் சிக்கலையும் அடியில் கனம் வைத்துத் தீர்க்கப் பார்ப்பதில் வியப்பில்லை.

இந்தச் சிந்தனை அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது ஊருக்குத் தெரியும். ஃபென்னாவிடமிருந்துதான். பள்ளியில் ஃபென்னா ஒரு பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் மற்றவர்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். சோம்பேறி என்றார்கள். கண்ணாடி போட்டுப் பார்த்தார்கள். கண்ணாடி போட்ட சோம்பேறி என்றார்கள். ஆறு வயது இளையவரான கெர்பென், தனக்குப் படிக்க வந்த நாளிலிருந்தே அக்காவின் வீட்டுப்பாடத்தை உரக்க வாசித்துக் காட்டியவர். கூலி, பாடத்துக்கு இரண்டு உப்பு அதிமதுர மிட்டாய். ஃபென்னா வளர்ந்து லெய்ட்சென்டாமில் கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்கும் வேலைக்குப் போனார். முப்பது ஆண்டுகளில் ஒரு கப்பலும் அவர் பாலத்தில் இடித்ததில்லை.

விஞ்ஞானம் என்றால் சோதனை வேண்டும். கெர்பென் நங்கூரத்தைக் கழிப்பறையில் சோதித்தார். நம் ஹேக் வீடுகளில் பிறந்தநாள் நாட்காட்டி தொங்குவது அங்கேதானே; உட்கார்ந்தவர் தவறாமல் படிக்கிற ஒரே இடம் அது. நாட்காட்டிக்குப் பக்கத்தில் வாராவாரம் ஒரு தாள் தொங்கும். கூடவே ஒரு பென்சிலும் கயிற்றில் கட்டியிருக்கும். வெளியே வருகிறவரைக் கெர்பென் நடையிலேயே மறித்துக்கொள்வார்.

"எப்படி இருந்துது?"

"எது?" என்பார் ஹார்மென், இடுப்புவாரைச் சரிசெய்தபடி.

"வாசிப்பு!"

"மாப்ள, உன் வீட்டுல ஒண்ணுக்குப் போறது பரீட்சை எழுதற மாதிரி இருக்கு. நான் இனிமே கடைத்தெருவுலயே போயிட்டு வந்துடறேன்."

பதினோரு ஆண்டில் இருநூற்றுப் பதினான்கு பேர் கருத்துச் சொல்லியிருந்தார்கள். அவர்களில் இருநூறு பேர் எழுத்துரு வரைகிறவர்கள். அவர் வீட்டுக்கு வருகிறவர்கள் அவர்கள்தானே. அவர்கள் ஒளிவுமறைவு இல்லாதவர்கள். ஒருவர் டியின் வயிறு ஊதிவிட்டது என்று எழுதினார். இன்னொருவர் ஊதியது போதாது என்றார். இருவரும் நடையிலேயே சண்டையிட்டு, ஒரு வருடம் பேசாமல் இருந்தார்கள். எல்லோரும் தாளைத் திக்காமல் படித்தார்கள். திக்காமல் படிக்கத் தெரிந்தவர்கள் திக்காமல் படித்தார்கள் என்பதைக் கெர்பென் கட்டம் போட்டு, வரைபடம் வரைந்து, நிரூபணமாகக் கோப்பில் வைத்துக்கொண்டார்.

ஃபென்னாவிடம் மட்டும் அவர் கேட்கவில்லை. ஒரே ஒருமுறை, ஃபென்னா தானாகவே தாளைப் பார்த்துவிட்டு வந்து, "பார்க்கவே கனமா இருக்கு தம்பி" என்றார். கனம் கொடுக்கத்தானே பாடுபட்டோம் என்று கெர்பென் மகிழ்ந்துபோய் அதைப் பாராட்டுகள் பக்கத்தில் குறித்துக்கொண்டார்.

இனி டிசம்பர் ஐந்துக்கு வருவோம்.

அந்த மாலை புனித நிக்கலாஸ் பரிசு மூட்டையைக் கதவடியில் வைத்துவிட்டுப் போவார் என்பது ஐதீகம். மூட்டையைக் கட்டுவது நாம்தான். ஒரு மாதம் முன்பே பெயர்ச்சீட்டுக் குலுக்கி, யாருக்கு யார் பரிசு தருவது என்று முடிவாகும். அதை வெளியே சொல்லக்கூடாது. பரிசோடு, பெறுகிறவரின் வருடாந்திரக் குறைகளை எல்லாம் எதுகையோடு கேலி செய்யும் ஒரு பாட்டும் இருக்கும். எழுதியவர் பெயர் போடமாட்டார். பெறுகிறவர் எல்லோர் முன்னிலையிலும் அதை உரக்கப் படிக்க வேண்டும். தன்னைத் திட்டும் பாட்டைத் தானே படிக்கவேண்டும் என்ற இந்த ஏற்பாட்டில் நம் மக்களின் நாகரிகம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

முப்பது ஆண்டுகளாக ஃபென்னா தன் பாட்டைப் படித்ததில்லை. மூன்று நல்ல மூக்குக்கண்ணாடிகள் வைத்திருக்கும் அவருக்கு அந்த மாலை மட்டும் மூன்றும் தொலைந்துபோகும். தொண்டை கட்டும். தன் முறை நெருங்கும்போது அடுப்பில் பட்டாணிச் சூப் அடிப்பிடிக்கும். உள்ளே ஓடுவார். ஹார்மென் தாளை எடுத்துத் தன் குரலில் படித்துவிடுவார். அவர் எழுதித் தரவேண்டிய பாட்டையும் ஹார்மென்தான் எழுதுவார். ஆகவே அந்தப் பாட்டுகளில் கண்ணாடி உடையும் உவமைகள் அதிகம்.

இந்த வருடம் நிலைமை மாறியது. மகள் யோரிந்தவுக்கு நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையின் தாயார் ஹெட்விக், டிசம்பர் ஐந்துக்கு வருவதாக இருந்தார். ஹெட்விக் முப்பத்தெட்டு ஆண்டுகள் பள்ளியில் மொழிப்பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். நன்றிக்கடிதத்தையும் சிவப்பு மையால் திருத்தி அனுப்புகிறவர் என்று பேச்சு.

சீட்டுக் குலுக்கிய ஞாயிற்றுக்கிழமை, சைக்கிள் கொட்டகையில் ஃபென்னா தம்பியின் சட்டையைப் பிடித்தார்.

"டேய், இந்த வருஷம் என் பாட்டை நானே படிக்கணும்."

"ஏன், சூப் வைக்கலையா?"

"விளையாடாதே. உங்கம்மாவுக்குப் படிக்கறதுல ஆர்வம் உண்டான்னு அந்த டீச்சரம்மா கேட்டிருக்காங்க. எங்கம்மா ராத்திரி ஒரு புத்தகம் முடிக்காமத் தூங்கமாட்டாங்கன்னு யோரிந்த சொல்லிட்டா. என் பொண்ணு எனக்காகப் பொய் சொல்லியிருக்காடா. முன்னப்பின்ன பொய் சொல்லாத பொண்ணு. அவளை மாட்டிவிடச் சொல்றியா?"

"ஒண்ணும் ஆகாது. நங்கூரம் இருக்கு" என்றார் கெர்பென்.

அதற்குள் அவர் ஒரு குற்றமும் செய்திருந்தார். குலுக்கலில் அவருக்கு ஹார்மென் பெயர் வந்தது. யோரிந்தவுக்குத் தாயின் பெயர் வந்தது. மேலங்கிகள் தொங்கும் நடையில் வைத்து இருவரும் சீட்டை மாற்றிக்கொண்டார்கள். சீட்டு மாற்றுவது இங்கே வரி ஏய்ப்பைவிடக் கேவலம். ஆனால் அக்காவின் பாட்டைத் தானே எழுதி, நங்கூரத்தில் அச்சிட்டு, மொழி ஆசிரியர் ஒருவர் முன்னிலையில் உலகுக்கு நிரூபிக்கும் வாய்ப்பு எத்தனை முறை வரும்?

ஒத்திகைக்காக நவம்பர் கடைசியில் பாலத்துக் குடிலுக்குப் போனார். பாட்டு ரகசியம் என்பதால் பட்டாணிச் சூப் செய்முறையை நங்கூரத்தில் அச்சிட்டு எடுத்துப் போயிருந்தார். எட்டு வரி. ஃபென்னா தாளை விளக்கடியில் பிடித்தார். உதடு அசைந்தது. நின்றது. திரும்பத் தொடக்கத்துக்குப் போனது. எட்டு வரி முடிய நான்கு நிமிடம் ஆயிற்று. கெர்பென் புன்னகையோடு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, வேறொரு செய்முறையைத் தபால்பெட்டியில் வந்து விழும் கடை விளம்பரத்தின் எழுத்தில் கொடுத்தார். தெருவில் கிடந்தாலும் அவர் சுற்றிக்கொண்டு போகிற எழுத்து அது. அதற்கும் எட்டு வரி. பத்து நொடி குறைவாக ஆயிற்று.

கெர்பென் வீட்டுக்குப் போய்க் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றினார்.

அடுத்த முறை எழுத்தின் அடியை இன்னும் தடிக்கச் செய்து கொண்டுபோனார். மூன்றாம் முறை இன்னும்.

"என்னடா இது," என்றார் ஃபென்னா, "எல்லாம் குண்டு வாத்து மாதிரி கரையில ஒட்டி ஒட்டி உக்காந்திருக்கு. ஒரு வாத்தைப் பார்த்தா பக்கத்து வாத்து கத்துது. அதைப் பார்த்தா மேல் வரி வாத்து கீழே இறங்கி வருது."

"நிலையா நிக்குதா இல்லையா, அதைச் சொல்லு!"

"நிக்குது. நின்னு என்னைப் பார்க்குது. கெர்பென், எனக்குப் பயமா இருக்குடா. அன்னைக்கு அந்தம்மா முன்னாடி நான் இப்படி நின்னா யோரிந்த முகம் என்ன ஆகும்?"

அப்போது வானொலிக் கருவி கரகரத்தது. ஒரு சரக்குப் படகு வழி கேட்டது. ஃபென்னா எழுந்து, வெளியே ஒரு பார்வை பார்த்து, "மார்கரெத்தா தெற்கேயிருந்து வருது, பச்சை போடறேன்" என்றபடி பொத்தானை அழுத்தினார். பாலம் தூக்கிக்கொண்டது. சைக்கிள்காரர்கள் வரிசையாக நின்று சபித்தார்கள்.

"அந்தப் படகைத் தெரியுமா உனக்கு?" என்றார் கெர்பென்.

"தெரியாது. புதுசு. இப்பதான் பார்க்கறேன்."

"அப்ப பேரு?"

"முன்னாடி எழுதியிருக்குல்ல."

"படிச்சியா? ஒரு பார்வையில?"

ஃபென்னா தம்பியை, நல்ல டாக்டரிடம் காட்ட வேண்டிய ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அது சுலபம்டா. பெருசா, விட்டு விட்டு எழுதியிருக்கான். சுத்தி வெறும் தண்ணி. ஒரு கப்பல் போனப்புறம்தானே அடுத்த கப்பல் வருது? உன் தாள்ல எல்லாக் கப்பலும் ஒரே நேரத்துல பாலத்துக்கு அடியில நுழையுது."

கெர்பென் பாலம் இறங்கும்வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். எதிர்க்காற்று. நம் வரலாற்றின் முக்கிய சிந்தனைகள் எல்லாம் எதிர்க்காற்றில்தான் நிகழ்ந்திருக்கும்; வேறு காற்று இங்கே அடிப்பதில்லை.

மறுநாள் மறுபடி வந்தார். இரண்டு செய்முறைகளைக் கொண்டுவந்தார். இரண்டிலும் பெரிய எழுத்து, வரிக்கு இரண்டு மூன்று சொல், நடுவே தாராளமாக வெறும் காகிதம். ஒன்று நங்கூரம், ஒன்று கடை விளம்பர எழுத்து. ஃபென்னா இரண்டையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில், இரண்டு நிமிடத்துக்குள் படித்தார். கடை விளம்பரம்தான் கொஞ்சம் முந்தியது. பதினோரு வருடம் எழுத்தின் வயிற்றை வரைந்தவர், எழுத்தைச் சுற்றியிருந்த காலி இடத்தை ஒருநாளும் கவனித்து வரையவில்லை. போதாததற்கு, நெருக்கமாக இருந்தால்தான் பக்கம் அழகு என்று அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துரத்தியும் விட்டிருந்தார். இந்த முடிவை அவர் எந்தக் கோப்பிலும் குறித்ததாகத் தெரியவில்லை.

டிசம்பர் ஐந்து மாலை. கதவு தட்டப்பட்டது, மூட்டை வாசலில் கிடந்தது, ஹார்மென் பின்கதவு வழியாக மூச்சிரைக்க உள்ளே வந்து, "யாரு வந்தது?" என்று கேட்டார். ஆளுக்கொரு சாக்லேட் எழுத்து, அவரவர் பெயரின் முதலெழுத்து, கொடுக்கப்பட்டது. மெலிந்த எழுத்தோ அகன்ற எழுத்தோ, எல்லாம் ஒரே எடை. அந்த எழுத்துகளின் அடியில் இருக்கும் பட்டையான கால் எவ்வளவு விகாரம் என்று கெர்பென் வருடந்தோறும் கால்மணி நேரம் பேசுவது வழக்கம். இந்த வருடம் பேசவில்லை. "உடம்பு சரியில்லையா மாமா?" என்றாள் யோரிந்த.

"நான் தப்பில்லாம முடிக்கிற ஒரே எழுத்து இதுதான்" என்று சொல்லி ஃபென்னா தன்னுடையதை ஓரத்தில் கடித்தார். ஹெட்விக் முதுகை நிமிர்த்தி, மடியில் கைவைத்து, விடைத்தாள் கட்டுக்குக் காத்திருப்பவர்போல் உட்கார்ந்திருந்தார்.

ஃபென்னாவின் பொட்டலம் வந்தது. உள்ளே ஒரு சூப் கரண்டி. அதோடு நூலால் கட்டிய இருபத்துமூன்று தாள்கள்.

"இது பாட்டா, வீட்டுப் பத்திரமா?" என்றார் ஹெட்விக்.

பழக்கதோஷத்தில் ஹார்மெனின் கை தாளை நோக்கி நீண்டது. ஃபென்னா புதுக் கரண்டியால் அதில் ஒன்று போட்டார். பிறகு முதல் தாளைப் பார்த்தார். தாளில் இரண்டே வரிதான் இருந்தது. மீதியெல்லாம் வெறும் வெள்ளை.

"பாலம் தூக்கும்... பலசாலி," என்று படித்தார். தாளைத் திருப்பினார். "படகெல்லாம்... உனக்குக் கூலி." திருப்பினார். "சூப்பு மட்டும்... ஏன் அம்மா," திருப்பினார், "சுண்ணாம்பு போல்... ஆகுது சும்மா?"

அறை சிரித்தது. ஃபென்னா சிரிக்கவில்லை; அவர் வேலையில் இருந்தார். ஒன்பதாம் தாளில் ஒருமுறை நின்றார். பதினாறில் இன்னொரு முறை, கொஞ்சம் அதிக நேரம். யோரிந்த சாக்லேட்டைக் கையிலேயே உருகவிட்டுக்கொண்டிருந்தாள். ஃபென்னா தாளைத் தள்ளிப் பிடித்தார், ஜன்னல் வழியே தூரத்தில் வருவதைப் பார்ப்பதுபோல் கண்ணைச் சுருக்கினார், படித்தார், திருப்பினார். இருபத்துமூன்றாம் தாளைப் படித்துவிட்டு, அதற்குப் பின்னால் இன்னும் இருக்கிறதா என்று தேடினார். இல்லை.

ஹெட்விக்தான் முதலில் பேசினார். "நிறுத்தி, மூச்சுவிட்டுப் படிச்சீங்க. என் பசங்க மூச்சே விடமாட்டாங்க. ராத்திரி நிறையப் படிப்பீங்கன்னு உங்க பொண்ணு சொன்னா."

"பொய் சம்பந்தி," என்றார் ஃபென்னா. "எனக்குப் படிக்க வராது. எழுத்து புரளும். நான் உரக்கப் படிச்ச முதல் பாட்டு இது."

யோரிந்த தலையைக் குனிந்துகொண்டாள். ஹெட்விக் அவளைப் பார்த்தார், ஃபென்னாவைப் பார்த்தார். "முப்பத்தெட்டு வருஷத்துல உங்களை மாதிரி எத்தனை பேரைச் சோம்பேறின்னு எழுதி வச்சேனோ," என்று சொல்லிவிட்டு, கேட்காமலே இரண்டாவது பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார். யாரும் டப்பாவை மூடவில்லை.

"அடிச்சிட்டே மாப்ள!" ஹார்மென் கெர்பெனின் தோளில் அறைந்தார். "நங்கூரம் நின்னுடுச்சு! நான்கூட நம்பல."

கெர்பென் தன் சாக்லேட் எழுத்தின் கொக்கியைக் கடித்தார். வாயில் தின்பண்டம் இருக்கும்போது பேசக்கூடாது என்பது நல்ல பழக்கம்.

கடைசிப் பொட்டலம் அவருக்கு. உள்ளே ஒரு டஜன் பென்சில். ஒரே தாள். பாட்டு நங்கூரத்தில், அதுவும் இரண்டு முறை மேலும் தடிக்கவைத்த புதிய நங்கூரத்தில் அச்சாகியிருந்தது. எழுதியவர் பெயர் போடப்படவில்லை. ஆனால் ஹார்மென் வழக்கம்போல் எழுதித் தந்திருந்தால் எங்காவது கண்ணாடி உடைந்திருக்கும், இதில் உடையவில்லை. ஃபென்னா கூரையைப் பார்த்தார். சொல்லச்சொல்ல எழுதிக்கொள்ளும் கைபேசி ஒன்று யோரிந்தவிடம் இருக்கிறது; மாமாவின் மாடியில் இருக்கும் அச்சுப்பொறியும் அவளுக்குப் பழக்கம்தான்.

கெர்பென் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, படித்தார்.

"பதினோரு வருஷம் எழுத்தை வரைஞ்ச தம்பி,
பசியும் மறந்து இருந்தான் அதையே நம்பி.
கழிப்பறை வந்தோர் கருத்தெல்லாம் கேட்டான்..."

நின்றார்.

"கதவைத் தா..." என்றார். "கதவை..." ஒவ்வொரு எழுத்தின் வயிற்றிலும் அவர் கண் போய் விழுந்தது. அடி கனமாக இருந்தது. இடுக்கு நெருக்கமாக இருந்தது. கீழ்வரி மேலே ஏறி வந்தது. "கதவைத் தாண்டி அக்... அக்கா..."

ஹார்மென் எட்டிப் பார்த்தார். "இது உன் எழுத்துதானே மாப்ள?"

"ஆமா."

"அப்ப உங்கக்கா படிச்சது?"

"கடை விளம்பர எழுத்து அத்தான்," என்றார் கெர்பென், கேட்டும் கேட்காத குரலில்.

ஹார்மென் கெர்பெனின் முதுகைத் தட்டிப் பார்த்தார். "திங்கக்கிழமை காலைல ஏழு மணிக்கு வந்துடு. முதுகுக்குப் பட்டை நான் தர்றேன்."

ஃபென்னா எழுந்து வந்தார். சாக்லேட் பெட்டியின் மூடியைத் தாளின்மேல் வைத்து, ஒரே ஒரு வரி மட்டும் தெரியும்படி கீழே இழுத்தார்.

"மெதுவாடா," என்றார். "இது போகட்டும், அப்புறம் அடுத்தது."

கெர்பென் நான்காம் வரியை, முதல் சொல்லிலிருந்து, விரல் வைத்துப் படிக்கத் தொடங்கினார்.